கழுத்துப் பொருத்தம்

ஊத்துப்பாளையத்துச் சனங்களின் சட்டைக் காலரிலும் பனியன் கழுத்திலும் நைட்டி முதுகிலும் தைத்திருந்த கம்பெனிப் பெயர்கள் எல்லாம், ஒரு புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமையன்று, கோழி கூவி முடிப்பதற்கும் பால்காரர் மணியடிப்பதற்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன நேரத்துக்குள், துணியை விட்டு இறங்கி அவரவர் பிடரித் தோலில் ஏறி உட்கார்ந்துகொண்டன. உட்கார்ந்தவை பிறகு எழுந்திருக்கவே இல்லை. வலி இல்லை, ரத்தம் இல்லை, விரலில் நகம் இருப்பதுபோல் அவை பாட்டுக்கு இருந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள், தேங்காயெண்ணெய் பூசி ஊறவைத்தார்கள், பிளேடால் ஓரத்தை நெம்பிப் பார்த்தார்கள், பிளேடுதான் மழுங்கியது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் நாற்பது கழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "தோலும் நல்லாருக்கு, தையலும் நல்லாருக்கு" என்று சொல்லி எல்லோருக்கும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏன் இறங்கின, எப்படி ஏறின என்று விசாரிக்க ஊரில் யாருக்கும் பொழுதில்லை. அவர்கள் விசாரித்தது ஒன்றே ஒன்றைத்தான்: அடுத்தவன் கழுத்தில் என்ன இருக்கிறது?

சங்கடமெல்லாம் அந்த நேரத்தால் வந்தது. விடியற்காலையில் நல்ல துணி உடுத்திப் படுத்திருக்கிற மனுசன் எந்த ஊரில் இருக்கிறான்? பீரோவில் இஸ்திரி போட்ட சட்டைகளை வரிசையாக மாட்டிவிட்டு, கழுத்து இற்றுப்போன பனியனையும் சாயம் போன லுங்கியையும் சுற்றிக்கொண்டு குறட்டை விடுவதுதானே சம்சாரி லட்சணம். ஆகவே மூன்று தேசங்களுக்குத் துணி அனுப்புகிற முதலாளி சென்னியப்பனின் பிடரியில், அவர் இடுப்பில் கட்டியிருந்த "சங்கு மார்க் லுங்கி" வந்து ஏறியது. பஞ்சாயத்துத் தலைவர் ராக்கியப்பனின் கழுத்தில் "பச்சைத் தளிர் பூச்சிமருந்து, விவசாயிகளின் உற்ற நண்பன்" என்று மூன்று வரிக்கு ஏறியது, ஏனென்றால் உரக்கடையில் இனாமாகக் கொடுத்த பனியன்தான் அவருக்குத் தூங்கத் தோதானது. அன்றிலிருந்து அவர் துண்டைத் தோளில் போடுவதை விட்டுக் கழுத்தில் சுற்ற ஆரம்பித்தார்; பங்குனி வெயிலில் வேர்க்குரு வந்து சீழ் பிடித்தபோதும் சுற்றிக்கொண்டுதான் திரிந்தார். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு "வெண்கொக்கு பனியன்" வாய்த்தது. பெண்களில் பாதிப் பேருக்கு "ரோஜாப்பூ நைட்டீஸ்". ஏழே ஏழு பேருக்கு மட்டும் "ஆல்ட்வின்". அந்த ஏழு பேரில் ஐந்து பேர் முதலாளி வீட்டில் வாசல் கூட்டுகிறவர்களும் கார் கழுவுகிறவர்களும். முதலாளி வேண்டாம் என்று கழித்துக் கொடுத்த பழைய சட்டையைத்தான் அவர்கள் போட்டுத் தூங்கினார்கள். கொடுத்தவர் கழுத்தில் லுங்கி, வாங்கியவர்கள் கழுத்தில் தங்க எழுத்து.

ஆல்ட்வின் என்றால் கடல் கடந்த தேசத்துப் பெயர், கறுப்புப் பட்டியில் பொன்னிறத்தில் நெய்தது. அந்தத் தேசம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் கல்யாண வீட்டுக்கு ஒருத்தன் ஆல்ட்வின் சட்டையில் வந்தால் பந்தியில் அவன் இலைக்கு மட்டும் இரண்டு முறை நெய் வரும். இத்தனைக்கும் அந்தச் சட்டை தைத்ததே ஊத்துப்பாளையத்தில்தான், சென்னியப்பன் கம்பெனியில்தான். நெய் ஊற்றுகிறவனின் பெண்டாட்டியே அதற்குப் பொத்தான் வைத்திருப்பாள். தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து வெளியூரிலிருந்து அனுப்பினால் கையெடுத்துக் கும்பிட்டுக் குடிக்கிற ஊர் அது.

அந்தக் கம்பெனியில் லேபிள் தைக்கிறவள் கலாமணி. வாட்ச்மேன் மாரப்பனின் ஒரே மகள், இருபத்தொன்பது வயது, பதினோரு வருசமாக அந்த ஒற்றை ஊசி மெஷின் முன்னால் உட்கார்ந்து, வந்த துணிக்கெல்லாம் பேர் வைத்து அனுப்புகிறவள். பேர் வைக்கிறவளுக்குப் பேரின் மேல் பக்தி இருக்குமா? அவளுக்கு இருந்ததெல்லாம் இளக்காரம்தான். சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மாஸ்டர் தண்டபாணியோடு உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தால் முதல் வாய் சோற்றுக்கு முன்னால் ஒரு கம்பெனியையாவது கிழித்துத் தோரணம் கட்டாமல் விடமாட்டாள்.

"காலைல இந்தத் துணி ஆல்ட்வினுங் மாஸ்டரே. மத்தியானத்துக்கு மேல அதே துணித் தானுல மிச்சத்த வெட்டி வெண்கொக்கு. பட்டி மாறுனது துணிக்கே தெரியாதுங். போடறவனுக்கு மட்டும் எங்கிருந்தோ நெஞ்சு நிமுந்துக்குது" என்பாள்.

"ஒரே அண்டாச் சாம்பாரு அம்மிணி. ஓட்டல்ல ஊத்துனா ஒரு ருசி, அன்னதானத்துல ஊத்துனா ஒரு ருசி" என்று தண்டபாணி சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவனை அவளுக்குப் பிடித்தது. ஊரே பட்டியைப் பார்த்துப் பல்லிளிக்கும்போது, பட்டிக்குப் பின்னால் இருக்கிற தையலைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை என்று அவனை நம்பினாள். ஆவணியில் இரண்டு வீட்டாரும் பத்துப் பொருத்தம் பார்த்து உப்புச் சக்கரை மாற்றிக்கொண்டார்கள். அது மாற்றியாகிவிட்டால் எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. தை மாதம் முகூர்த்தம்.

உப்புச் சக்கரை மாற்றிய மறுவாரம் தண்டபாணி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "ஒரே ஒரு ஆல்ட்வின் எனக்குன்னு வெச்சுத் தெச்சுக் குடேன். சும்மா, ஊட்ல போட்டுக்க."

"பேசறப்ப அண்டாச் சாம்பாரு, திங்கறப்ப ஓட்டலுங்களா?" என்று கேலி செய்தாளே தவிர, ஆசையாகக் கேட்டுவிட்டானே என்று மனசு இளகித்தான் போனது. கழித்துக் கட்டிய சட்டைகளின் குவியலிலிருந்து ஒன்றை எடுத்தாள். அதைக் கழித்ததும் அவளேதான். செக்கிங்கில் ஆள் குறைந்த ஒரு நாள் அங்கே உட்கார்ந்தபோது கண்டுபிடித்தது. செக்கிங் மேஜையில் குறை கண்டால் அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ, அம்பின் முனை எதைக் காட்டுகிறதோ அதுதான் குறை. இந்தச் சட்டைக்குக் காலர் மூட்டில் தையல் விட்டிருந்தது, அம்பு அதைப் பார்த்து நின்றது. கலாமணி மூட்டைத் தைத்துச் சரிசெய்தாள். அம்பின் பசை துணியில் நன்றாகப் பிடித்துக்கொண்டு உரிய மறுத்தது. உரித்துக்கொண்டு உட்காருவானேன் என்று அதன் மேலேயே ஆல்ட்வின் பட்டியை வைத்து நாலு பக்கமும் தைத்துவிட்டாள். சோம்பல் பாதி, பிரியம் பாதி.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தண்டபாணி அந்த வெள்ளிக்கிழமை விடியலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஊரின் ஏழு ஆல்ட்வினில் அவன் ஒருத்தன். கலாமணி தூங்கியது கட்டிங் மிச்சத்தில் அவளே தைத்துக்கொண்ட நைட்டியில். நாள் முழுக்க லேபிள் தைக்கிறவள் தன் நைட்டிக்கும் ஒன்று தைப்பாளா? அவள் கழுத்தில் எதுவும் ஏறவில்லை. தோல் தோலாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவன் வரும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் பின்மயிரை ஏற்றி மழித்துவிட்டு வந்திருந்தான்.

"ஏனுங் மாஸ்டரே, அந்தக் கழிச்சுக் கட்டுன சட்டையப் போட்டுட்டா படுத்தீங்க? ஊருக்கே சொல்லுங், வகுறு வலிக்கச் சிரிப்பாங்க."

"மெதுவாப் பேசு அம்மிணி" என்றான் அவன், சுற்றும் முற்றும் பார்த்து. "சொல்லலாம், சொல்லலாம். இப்ப என்ன அவசரம்? மொதலாளி இன்னைக்கு ரூமுக்குக் கூப்பிட்டு உக்காரச் சொன்னாரு, தெரியுமா? பதினாலு வருசத்துல இன்னைக்குத்தான் என்னைய உக்காரச் சொல்லியிருக்கறாரு."

கலாமணியின் சிரிப்பு அதோடு நின்றது. டப்பாவை மூடிவிட்டு மெஷினுக்குப் போனாள்.

ஊர் அந்த அதிசயத்தை ஒரு வாரத்தில் விழுங்கி ஏப்பம் விட்டது. சலூனில் முகச் சவரத்துக்கு இருந்த கூட்டம் பிடரிச் சவரத்துக்கு மாறியது. கண்ணாடியை முன்னால் வைத்திருந்த சலூன்காரர் பின்னால் இரண்டு மாட்டினார். பஸ்ஸில் முன் சீட்டுக்கு அடித்துக்கொண்டவர்கள், ஆளைப் படிப்பதற்காகப் பின் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். எதிரில் வருகிறவரைப் பார்த்து வணக்கம் சொல்லுவது நின்றுபோய், கடந்து போன பிறகு திரும்பிப் பார்த்து, கழுத்தைப் படித்து, தகுதியானவர் என்றால் ஓடிப்போய் வணக்கம் சொல்லுவது மரியாதை ஆயிற்று. கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயருக்குக் கீழே படிப்பு அச்சடித்த இடத்தில் கழுத்துப் பெயர் அச்சடித்தார்கள். ஜோசியர் பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாகக் கழுத்துப் பொருத்தம் என்று ஒன்றைச் சேர்த்தார். ஒரு மாதத்தில் அதை முதலில் பார்த்துவிட்டு மற்றப் பத்தைப் பிறகு பார்த்தார். மூன்றாம் மாதம் அந்தப் பத்தையும் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஒரு தரம் ஏறியது இன்னொரு தரமும் ஏறலாம், பழையது போய்ப் புதியது வரலாம் என்று எவரோ கிளப்பிவிட, ஊர் மொத்தமும் நல்ல துணியை உடுத்திக்கொண்டு படுக்க ஆரம்பித்தது. இஸ்திரி மடிப்புக் கலையாமல் மல்லாந்து படுத்தார்கள், காலர் கசங்குமென்று தலையணையை எடுத்தெறிந்தார்கள், கைக்குழந்தைக்குக்கூட ஆல்ட்வின் சட்டையைச் சுற்றித்தான் தொட்டிலில் போட்டார்கள். படுக்கும்போதே நல்ல துணி கந்தலாகிப் போனதால் பகலில் கிழிசலை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஒன்றும் ஏறவில்லை. ஏறாது என்று தெரிந்த பிறகும் இரண்டு வருசம் அப்படித்தான் தூங்கினார்கள், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரன் அப்படித் தூங்கினான்.

ஐப்பசியில் தண்டபாணியை மேனேஜர் ஆக்கினார்கள். வேலை ஒன்றும் புதிதில்லை; வெளியூர் ஆட்கள் வரும்போது முதலாளிக்கு முன்னால் நடக்க வேண்டும், அவ்வளவுதான், லுங்கிக் கழுத்து பின்னால் மறைந்துகொள்ளும். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா பாவாத்தாள் தாம்பாளத்தோடு மாரப்பன் வீட்டுக்கு வந்தாள். பாவாத்தாளின் கழுத்தில் ரோஜாப்பூ நைட்டீஸ்தான், ஆனாலும் ஆல்ட்வினைப் பெற்ற வயிறு என்பதால் அதை முந்தானையால் மூடிக்கொண்டு மகனுடைய கழுத்தைப் பற்றியே பேசுவாள்.

"தப்பா நெனச்சுக்காத அம்மிணி. பத்துப் பொருத்தமும் பாத்துத்தான வந்தோம், பதினொண்ணுன்னு ஒண்ணு வரும்னு நாங் கண்டனா? எம்பட பையன் கழுத்து அப்புடி. உன்ற கழுத்து பேரே இல்லாத மொட்டக் கழுத்தா இருக்குது. ஏதோ ஒரு ரோஜாப்பூ இருந்தாக்கூட ஒறம்பரை சொந்தபந்தத்துக்குச் சொல்லிக்கலாம். இதுக்கு நாங் என்னன்னு சொல்லுவேன் கண்ணு?"

சர்க்கரைப் பொட்டலத்தைத் தாம்பாளத்தோடு திருப்பி வைத்தாள். "உப்பு கெடக்கட்டும். அது ஒண்ணும் பெருசில்ல" என்று பெருந்தன்மையாகச் சொன்னாள். மாரப்பன் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்; மேனேஜரின் தாயாரை வாட்ச்மேன் எப்படிக் கேட்பான்? தண்டபாணி வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு அப்போது அதுதான் முகம். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்: இது கழித்துக் கட்டிய சட்டை, அந்தப் பட்டியை வைத்ததே இவள்தான். அதைச் சொல்ல உலகத்தில் இரண்டு பேரால்தான் முடியும். அவன் சொல்லவில்லை. கலாமணியும் சொல்லவில்லை. அவன் வாயால் வரட்டும் என்று இருந்தாள், வரும் என்று நிஜமாகவே நம்பினாள், அந்த நம்பிக்கைதான் அவளுக்கு மற்ற எதைக் காட்டிலும் வலித்தது. தை பிறந்தது, போனது.

அந்த மாசியில்தான் பிரிக்கிற வழி ஒன்று தெரியவந்தது. சந்தைப்பேட்டை டெய்லர் கதிர்வேல், தன் சட்டைக்குத் தானே பட்டி வைத்துத் தைத்துக்கொள்கிறவன், தினவெடுத்துக் கழுத்தைச் சொறிந்தான், பட்டி கையோடு வந்துவிட்டது. தைத்த கை பிரித்தால்தான் பிரியும் என்று ஊர் கண்டுகொண்டது. உடனே எல்லோரும் தங்கள் சட்டையைத் தைத்தது யார் என்று தேடக் கிளம்பினார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. தன் சட்டையை ஒரு கை தைத்திருக்கும் என்கிற விசயமே அவர்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கலாமணிக்கும் எந்தக் கழுத்தில் இருப்பது தன் தையல் என்று தெரியாது. பதினோரு வருசத் தையலில் யார் கணக்கு வைப்பார்கள்? ஒரே ஒரு கழுத்து மட்டும் தெரியும். அந்தக் கழுத்துக்காரன் அப்போது பிரித்துக்கொள்ளுகிற நினைப்பில் இல்லை. பாவாத்தாள் அவனுக்கு ஆல்ட்வின் கழுத்துப் பெண்ணாகத் தேடிக்கொண்டிருந்தாள். இருந்த ஏழு ஆல்ட்வினில் ஐந்து ஆண்கள், ஒன்று மூன்று பேரன் எடுத்த கிழவி, இன்னொன்று தொட்டிலில் கிடந்தது. அந்தத் தொட்டில் வீட்டிலும் போய்ப் பாவாத்தாள் விசாரித்துவிட்டுத்தான் வந்தாள் என்று சொல்லுவார்கள்.

ஏறினது எதுவும் இறங்காமல் இருக்குமா? இரண்டாம் வருசம் ஆடியில் அந்தத் தூர தேசத்தில் ஆல்ட்வின் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அனுப்பாமல் தேங்கிய சட்டைகள் திருப்பூர் ரோட்டோரத்தில் தார்ப்பாயில் மலையாகக் குவிந்தன. பழைய துணிக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுக்கிறவள்கூட ஆல்ட்வினைப் பார்த்து, "இது வேண்டாமுங், வேற இருந்தாக் குடுங்" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே ஊரின் அபிப்பிராயம் திரும்பிப் படுத்துக்கொண்டது. இதில் விசேசம் என்னவென்றால், அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டதாக ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. நெய் ஊற்றினவன் சொன்னான், "நான் அப்பவே சொன்னேன், அது சாயம் போற துணின்னு." ஜோசியர் சொன்னார், "நான் அப்பவே சொன்னேனுங், அந்தப் பேருல ஒரு எழுத்து ஆகாதுன்னு." முதலாளி சென்னியப்பன் தண்டபாணியைக் கூப்பிட்டு நிற்க வைத்து, "நான் அப்பவே நெனச்சேன்" என்று மட்டும் சொல்லி, மறுபடியும் கட்டிங் மேஜைக்கு அனுப்பினார்.

அப்புறம் கொஞ்ச நாள் வெண்கொக்கின் காலம். கோயமுத்தூரில் ஒரு கண்ணாடிக் கடையில் வெண்கொக்கு பனியனைப் பொம்மைக்கு மாட்டி, "நம்ம மண்ணின் உடை" என்று எழுதி வைத்திருந்ததை யாரோ பார்த்துவிட்டு வந்தார்கள். முக்கால்வாசி ஊர் ஒரே நாளில் உசந்தது. ஆனால் முக்கால்வாசிப் பேர் உசந்தால் உசந்து என்ன பிரயோசனம், கீழே பார்க்க ஆள் வேண்டாமா? கொக்கின் அலகு இடப்பக்கம் பார்க்கிற கழுத்து, வலப்பக்கம் பார்க்கிற கழுத்து என்று பிரித்தார்கள். மாரப்பனுடையது வலப்பக்கக் கொக்கு. முப்பது வருசமாகச் சேர்ந்து டீ குடித்த சிநேகிதனின் கொக்கு இடப்பக்கம் பார்க்கிறது என்று அவர் தனி பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார். கலாமணி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

கொக்குச் சண்டையில் ஊர் களைத்துப்போனபோது, பெயர் இல்லாத கழுத்துகள் கண்ணில் பட்டன. மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர்தான்: வெற்றுடம்போடு படுத்திருந்த மாரியம்மன் கோயில் பூசாரி, வெறும் கோவணத்தோடு தோட்டத்தில் கிடந்த சிலபேர், கலாமணி. "அவிய எந்தக் கம்பெனிக்கும் அடங்காதவிய. நான் அப்பவே சொன்னேன்" என்று பேச்சு புறப்பட்டது. கோயில் நோம்பியில் தேர்வடத்தை முதலில் தொட மொட்டைக் கழுத்துக்காரர்களை அழைத்தார்கள். சனங்கள் கலாமணியைப் பார்த்துப் பஸ்ஸில் எழுந்து இடம் விட்டார்கள், அதுவும் முன் சீட்டில், எல்லோரும் பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி.

இதுவரை ஊரைக் கிழித்ததுபோல் கலாமணியையும் கொஞ்சம் கிழிக்க வேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை. இத்தனை வருசமாகப் பேரைப் பழித்தவள், இப்போது பேர் இல்லாததே ஒரு பேராக வந்து தன் மேல் ஏறியபோது அதை மட்டும் பழிக்கவில்லை. முதலில் பின்னலைத் தூக்கி முடிந்தாள். பிறகு அதை இன்னும் ஏற்றிக் கொண்டை போட்டாள். அப்புறம் ஆறு ஊசி குத்தி, ஒரு மயிர்கூடக் கழுத்தில் விழாமல், உச்சந்தலையில் கோபுரமாக நிறுத்தினாள். பூவைக்கூடக் காதோரம் வைத்துக்கொண்டாளே தவிரப் பின்னால் தொங்கவிடவில்லை. யாராவது கேட்டால், "வெக்கையா இருக்குதுங்" என்பாள். அப்போது மார்கழி மாதம்.

அந்த மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பாவாத்தாளும் தண்டபாணியும் வந்தார்கள். தாம்பாளத்தில் வாழைப்பழச் சீப்பு, புதுச் சர்க்கரைப் பொட்டலம். தண்டபாணி கழுத்தில் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரியே துண்டைச் சுற்றியிருந்தான். வருவான் என்று கலாமணி இரண்டு வருசமாகக் காத்திருந்ததும் உண்மை, வந்தால் வாசலோடு அனுப்ப வேண்டும் என்று காத்திருந்ததும் உண்மை. அவனைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன, இரண்டையும் அடக்கிக்கொண்டு நாற்காலி போட்டாள்.

"நாங் அப்பவே சொன்னேன், கலாமணியாட்டப் பொண்ணு கெடைக்கோணுமேன்னு" என்று பாவாத்தாள் ஆரம்பித்தாள். "என்ன கழுத்து! தொடைச்சு வெச்ச குத்துவிளக்காட்ட. இவனுக்கு அந்தச் சனியனப் பிரிச்சு உட்டுரு கண்ணு. நீ தெச்சதுதானாமல்ல? இப்பத்தான் சொல்றான்."

"எனக்கு அன்னைக்கே தெரியும் அம்மிணி, இந்த ஆல்ட்வின் நிக்காதுன்னு" என்றான் தண்டபாணி. "மனசுக்குள்ள சொல்லீட்டேதான் இருந்தேன்."

"வெளிய ஒருதரம் சொல்லியிருக்கலாமுங்" என்றாள் கலாமணி. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலீங். டீக்கடை முன்னால நின்னு நாலு பேருக்குக் கேக்கற மாதிரி, 'இது கழிச்சுக் கட்டுன சட்டை, கலாமணி வெளையாட்டுக்கு வெச்ச பட்டி, இத வெச்சுட்டு ரெண்டு வருசம் ஏமாத்தித் திரிஞ்சேன்'னு சொல்லீட்டு வாங். பிரிச்சும் உடறேன், கழுத்தையும் நீட்டறேன்."

தண்டபாணி அம்மாவைப் பார்த்தான். "இப்ப அதெல்லாம் எதுக்கு? நீ பிரிச்சு உட்டீன்னா உனக்கும் மொட்டக் கழுத்து, எனக்கும் மொட்டக் கழுத்து. இதவிடப் பொருத்தம் வேறென்ன வேணும்? ஊர்ல எவன் நம்மள அசைக்க முடியும்?"

அவன் அதைச் சொன்னபோது அவன் கண் அவள் முகத்தில் இல்லை. அவள் காதுக்குப் பின்னால், மயிர் ஏற்றி முடிந்த கழுத்தோரத்தில் இருந்தது. கலாமணியின் கை தானாக எழுந்து கொண்டையைத் தொட்டது. ஆறு ஊசியும் விரலில் தட்டுப்பட்டபோது அவளுக்குக் கூசியது. இவன் எதைப் பார்த்து வந்தானோ அதைத்தானே நானும் தூக்கி நிறுத்திக்கொண்டு அலைகிறேன் என்று நினைத்தாள்.

"உக்காருங், பிரிச்சு உடறேன்" என்றாள்.

அவன் முக்காலியில் உட்கார்ந்து, துண்டை அவிழ்த்து, தலையைக் குனிந்தான். கலாமணி நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்து வந்து அவன் பின்னால் நின்றாள். இரண்டு வருசமாக எந்தப் பிளேடுக்கும் அசையாத தையல் அவள் கை பட்டதும் ஊசித்துளை ஊசித்துளையாக விட்டுக்கொடுத்தது. மேல் வரிசை, பக்கவாட்டு வரிசை இரண்டு, கீழ் வரிசை. அவள் தையல் நேராகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கறுப்புப் பட்டி பொன்னெழுத்தோடு கழன்று தரையில் விழுந்தது.

பட்டி இருந்த இடத்தில், இரண்டு வருச வெயில் படாத வெளுத்த தோலின் நடுவில், நேற்று ஒட்டினதுபோலப் பளபளவென்று, சிவப்பாக ஒரு அம்பு இருந்தது. முனை மேலே பார்த்து, அவன் தலையைக் காட்டிக்கொண்டு நின்றது.

கலாமணி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அம்பு அசையவில்லை. அதைத் தைத்திருந்தால் அல்லவா பிரிக்க முடியும், அது ஒட்டினது. அவள் முக்காலியைச் சுற்றி முன்னால் வந்து, இரண்டு வருசத்தில் முதல் தரமாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"குறை எங்க இருக்குதுன்னு அன்னைக்கே என்ற கையாலதானுங் ஒட்டி வெச்சிருக்கறேன்" என்றாள். "அப்பறம் நானே அது மேல ஆல்ட்வினப் போட்டு மறச்சுட்டேன். உங்களச் சொல்லிக் குத்தமில்லீங்."

தண்டபாணிக்குப் புரிந்தது. பதினாறு வருசம் கம்பெனியில் இருந்தவனுக்கு அம்பு ஸ்டிக்கர் தெரியாதா? கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினான், முகம் செத்துப்போயிற்று. ஆனால் கம்பெனிப் படி ஏறியிராத பாவாத்தாள் மகனின் பிடரியைக் குனிந்து பார்த்தாள், கிட்டே போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"இதென்ன மார்க்கு அம்மிணி? இந்த ஊருல எவன் கழுத்துலயும் நாங் பாத்ததில்லையே!"

"அது பீத்தத் துணிக்கு, கழிச்சுக் கட்டுனதுக்கு ஒட்டறதுங் அத்தை."

"நீ பொறாமைல பேசற" என்றாள் பாவாத்தாள். வாழைப்பழத்தையும் சர்க்கரையையும் கையோடு எடுத்துக்கொண்டாள். ஒற்றை அம்புக் கழுத்துக்காரனுக்கு மொட்டைக் கழுத்து எந்த மூலைக்கு? வாசல்படியில் நின்று, நினைப்பு வந்தவளாகத் திரும்பினாள். "அந்த உப்பு ஒண்ணு இங்க நின்னு போச்சல்ல?"

"அத அன்னைக்குச் சாங்காலமே ரசத்துல போட்டுட்டோமுங்" என்றாள் கலாமணி. "ருசியாத்தான் இருந்துச்சு."

அவர்கள் போன பிறகு அவள் கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி வாயில் கடித்துக்கொண்டாள். கூந்தல் சரிந்து கழுத்தை மூடியது. கொஞ்சம் அழுதாள். பிறகு குழம்புக்குப் புளி கரைக்கப் போனாள்.

தண்டபாணி மூன்று நாள் துண்டோடுதான் திரிந்தான். நாலாம் நாள் பாவாத்தாளே சந்தைக்கு நடுவில் அதை உருவிவிட்டாள். சிவப்பு அம்பை ஊர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அது என்ன கம்பெனி என்று கேட்டவர்களுக்குத் தண்டபாணி பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததால் அது பெரிய கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. "மேல போறவங்களுக்கு உண்டான மார்க்குங்க, அதான் மேல காட்டுது" என்றார் ஜோசியர். பஞ்சாயத்துத் தலைவர் ராக்கியப்பன் பூச்சிமருந்தின் மேல் ஒரு அம்பை ஒட்டிக்கொண்டு, இரண்டேகால் வருசத்துக்குப் பிறகு துண்டைத் தோளுக்கு மாற்றினார். அது எதற்கு ஒட்டுவது என்று நன்றாகத் தெரிந்த முதலாளி சென்னியப்பனே தன் லுங்கிக்கு மேல் இரண்டு ஒட்டினார். கம்பெனி ஸ்டோரில் இருந்த அம்பு ரோல்கள் பொங்கலுக்குள் ஒன்றுவிடாமல் மாயமாயின. சலூன்காரரிடம் கிடைக்கிறது என்றார்கள், பிறகு அவரிடமும் கிடைக்கவில்லை என்றார்கள்.

"ஏனுங்க்கா, குறைய எப்புடிக் காட்டறது?" என்று செக்கிங் மேஜையில் இருந்த பெண் கையில் ஓட்டைச் சட்டையோடு கலாமணியிடம் வந்து நின்றாள். கலாமணி மெஷினை நிறுத்தாமல், "காட்டாத, உடு" என்றாள். அவள் அன்றைக்குத் தைத்துக்கொண்டிருந்தது ஏதோ ஒரு புதுக் கம்பெனியின் பட்டி, பெயரை அவள் படித்தும் பார்க்கவில்லை. ஊத்துப்பாளையத்தில் குறையைக் காட்ட ஒரு அம்புகூட மிச்சமில்லாமல் போனதால், அந்தத் தை மாதம் அங்கிருந்து கப்பலேறிய துணி மொத்தமும் முதல் தரம் என்றே போய்ச் சேர்ந்தது.